சாக்ஸுக்குள் ஒரு லென்ஸ்

போன ஏப்ரலில் நான் ஒரு பெரிய முடிவெடுத்தேன். மிச்சமிருக்கும் வாழ்நாளை மலைகளைப் படமெடுத்தே கழித்துவிடுவது.

முடிவெடுப்பதில் நான் கெட்டிக்காரன். "மெர்வ் எடுக்கிற முடிவெல்லாம் கடைசியில எங்க வீட்டு ஷெட்டுக்குத்தான் வந்து சேரும்" என்று என் மனைவி நோலீன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். ஷெட்டில் ஒரு காலித் தேனீப் பெட்டி, ஒரு பீர் காய்ச்சும் வாளி, ஒரு மஞ்சள் கயாக் படகு. அவள் சொன்னதற்குச் சாட்சியாக மூன்றும் வரிசையாக நிற்கின்றன.

நான் பல் கட்டுகிறவன். ஹுவான்வில் என்கிற எங்கள் ஊரில் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் என் பட்டறை. இந்தப் பள்ளத்தாக்கில் ஆப்பிள் கடிக்கும் கிழவர்களில் பாதிப் பேர் என் தயவில்தான் கடிக்கிறார்கள். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தால் எந்த மனிதனுக்கும் ஒரு நாள் தோன்றும்: உலகத்தில் இதைவிடப் பெரிய குகையும் இதைவிட நேரான சிகரமும் இருக்குமே, அதில் ஒன்றையாவது பார்த்தால் என்ன?

நோலீன் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறாள். பின் சீட்டில் எந்தப் பையன் சூயிங்கம் மெல்கிறான் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வாள். எந்தப் பையன் மெல்லப் போகிறான் என்றும் சொல்வாள். அப்படிப்பட்டவளிடம் ஒரு லென்ஸை மறைக்கப் பார்த்தேன். கதை அவ்வளவுதான். ஆனாலும் முழுசாகச் சொல்கிறேன். சொன்னாலாவது மனசு ஆறுமா என்று பார்ப்போம்.

கடைசிப் பெண்ணும் வேலைக்கென்று மெல்பர்னுக்குப் போய்விட்டாள். வீட்டில் நாங்கள் இருவர்தான். ஈஸ்டர் விடுமுறைக்கு ஒரு வேனை வாடகைக்கு எடுத்து மேற்குக் கரையைச் சுற்றிவிட்டு கிரேடில் மலைக்குப் போவதென்று நோலீன் ஏற்பாடு செய்திருந்தாள். படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கிற வேன். கல்யாணமான புதிதிலிருந்து போகலாம், போகலாம் என்று நான் சொல்லி வந்த பயணம் அது. சொன்னது நான். ஏற்பாடு செய்தது அவள். எங்கள் வீட்டில் வேலைப் பிரிவினை அப்படி.

"நோலீன், ஒரு கேமரா வாங்கலாம்னு இருக்கேன்" என்றேன்.

அவள் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"போன்ல ஒண்ணு இருக்கே."

"அதுல மலை மலையா விழாது. மேசையில வெச்ச கேக் மாதிரி விழும்."

"எனக்குக் கேக் புடிக்கும்."

"நான் சொல்றது டி.எஸ்.எல்.ஆர். லென்ஸைக் கழட்டி மாட்டுற கேமரா. இது விளையாட்டு இல்ல."

"தேனீ வளர்த்தியே, அது என்னாச்சு?"

"பறந்துடுச்சு."

"பீர் காய்ச்சினியே?"

"வெடிச்சுடுச்சு."

"படகு?"

"அதுல போனா தண்ணி தெறிக்குது."

"படகுன்னா தண்ணிலதான் போகும், மெர்வ்."

கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். தீர்ப்பு வரப்போகிறது என்று எழுந்து நின்றேன்.

"வாங்கிக்க. ஒரு கேமரா. ஒரு லென்ஸ். அது எந்த லென்ஸ்னு நீயே முடிவு பண்ணு, நான் குறுக்க வரல. ஆனா ஒண்ணுதான். போறது நாம ரெண்டு பேர். உன் கேமரா பொண்டாட்டி புள்ளையோட வர வேண்டாம்."

ஒரு வில்லைக்கு அனுமதி. இன்னொரு வில்லை என்றால் இல்லை. அந்த மட்டும் சரி என்று ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொள்வதிலும் நான் கெட்டிக்காரன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் எனக்குப் பக்கத்து வீடு என்று ஒன்று இருக்கிறது. அதில் கிரேம் பைபஸ் இருக்கிறான். பேர்தான் பைபாஸ் ரோடு மாதிரி. எதையும் சுற்றிக்கொண்டு போகிற ஆளில்லை. வேலியில் ஒரு பலகையைக் கழற்றி நேரே எங்கள் முற்றத்துக்கே வழி வைத்துக்கொண்டவன். மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு அலமாரி நிறைய லென்ஸ் சேர்த்திருக்கிறான். எடுப்பதெல்லாம் அவன் வீட்டுப் பூனையை.

"உடம்பை விடு, மெர்வ்" என்றான். "உடம்பு இன்னைக்கு வரும், நாளைக்குப் போகும். அதுல பற்று வைக்காத. லென்ஸ்தான் கடைசி வரைக்கும் கூட வரும்."

அவன் சொன்னது கேமராவின் உடம்பை. அது புரிகிற வரைக்கும் நான் என் உடம்பை நினைத்துக் கலங்கிக்கொண்டிருந்தேன்.

"எந்த லென்ஸ் வாங்கலாம்?"

"மலைக்குப் போறவன் அகல லென்ஸ் இல்லாம போகலாமா? ஏரி, மலை, மேகம், கரையில கெடக்குற கல்லு, எல்லாத்தையும் ஒரே வாயில முழுங்கணும். கிரேடில் மலையைச் சாதா லென்ஸ்ல எடுத்தா மூக்கு மட்டும் விழும். காது வெளிய போயிடும்."

"மலைக்குக் காது இருக்கா?"

"அகல லென்ஸ்ல பாரு, தெரியும்."

அன்றிலிருந்து எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. வாயைத் திறந்து உட்கார்ந்திருந்த திருமதி ஹார்ட்னலிடம், "இன்னும் கொஞ்சம் அகலமா" என்று சொல்லிவிட்டு அப்படியே யோசனையில் நின்றுவிட்டேன். பாவம், அந்த அம்மாளின் தாடைதான் வலித்தது.

ஹோபார்ட்டில் கேமராக் கடைக்கு நோலீனும் கூட வந்தாள். கடைக்காரப் பெண்ணின் பெயர் ரொவீனா. நிதானமானவள். என் முகத்தைப் பார்த்ததுமே எனக்கு ஒரு நாற்காலி போட்டாள்.

"எதைப் படமெடுக்கப் போறீங்க?" என்று கேட்டாள்.

"மலை" என்றேன். "ஏரி. விடியற்காலை."

"ஆளுங்க?"

"ஆளுங்க வேணாம்."

பக்கத்தில் நோலீன் நின்றிருந்தாள். அப்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அகல லென்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் பல தடவை யோசித்திருக்கிறேன், அந்த நிமிஷம் தலையை ஒரு விரற்கடை திருப்பியிருக்கலாம் என்று.

ரொவீனா மூன்று லென்ஸ்களை எடுத்து வைத்தாள். ஒன்று அகலமானது. ஒன்று தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுப்பது, நீளமாக இருந்தது. மூன்றாவது நடுவாந்தரம். கொஞ்சம் அகலம், கொஞ்சம் தூரம், எல்லாவற்றுக்கும் ஒத்துப் போகும்.

"முதல் கேமராவுக்கு இது போதும்" என்று மூன்றாவதைத் தொட்டாள். "ரொம்பப் பிரமாதம்னு சொல்ல மாட்டேன். ஆனா எப்பவும் மாட்டியே இருக்கும். படம் தவறாது."

எனக்கு மனசு ஒப்பவில்லை. எல்லாவற்றுக்கும் ஒத்துப் போகிற ஆள் வீட்டில் ஒருவன் இருக்கிறானே, நான். லென்ஸும் அப்படியே இருக்க வேண்டுமா? மூன்றையும் மாறி மாறிக் கையில் எடுத்தேன், வைத்தேன். கடை சாத்துகிற நேரமாகியும் வைத்துக்கொண்டிருந்தேன்.

நோலீன் குறுக்கே வரவில்லை. இரண்டே கேள்வி கேட்டாள்.

"காத்துல நின்னு லென்ஸை மாத்தினா உள்ள தூசி போகுமா?"

"போகும்" என்றாள் ரொவீனா.

"அப்ப மாத்தவே வேண்டாதது இதுல எது?"

ரொவீனா மூன்றாவதைக் காட்டினாள். நான் தலையாட்டினேன். எந்த லென்ஸ் என்று நானே முடிவு செய்தது அப்படித்தான்.

வீட்டுக்கு வந்ததும் பைபஸ் வேலிச் சந்தில் தலையை நீட்டினான். கேமராவைக் காட்டினேன். லென்ஸைப் பார்த்தான். செத்த வீட்டில் செய்வது போல என் தோளில் கை வைத்தான்.

அந்தக் கையின் கனத்தை என்னால் தாங்க முடியவில்லை. பல் கட்டும் மெழுகு தீர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டு மறுபடி ஹோபார்ட் போனேன்.

"அந்த அகல லென்ஸ்" என்றேன் ரொவீனாவிடம்.

"வீட்டம்மா மனசை மாத்திக்கிட்டாங்களா?"

"மாத்திக்கிட்டாங்க."

பில் போட்டாள். பிறகு உத்தரவாதத்துக்கு ஒரு போன் நம்பர் கேட்டாள். வீட்டு நம்பரைக் கொடுத்தேன். இவ்வளவு பெரிய சதியைத் தீட்டியவனுக்கு அவ்வளவுதான் மூளை.

அகல லென்ஸ் வாங்கியதில் அகலக்கால் வைத்துவிட்டேன் என்று அப்போது தெரியவில்லை. அதைக் கம்பளிச் சாக்ஸ் ஒன்றுக்குள் இறக்கி, முடிச்சுப் போட்டு, பட்டறை அலமாரியில் பிளாஸ்டர் தாடைகளுக்கு நடுவில் ஒளித்து வைத்தேன். சுற்றிலும் இத்தனை பல் காவலிருக்கும்போது யார் கை வைப்பார்கள்? விஷயம் பைபஸுக்கு மட்டும் தெரியும். கிளம்பும் நாள் காலையில் சாக்ஸை அப்படியே எடுத்து என் துணிப்பையின் அடியில் செருகிக்கொண்டேன். வெளியிலிருந்து தடவிப் பார்த்தேன். உருண்டையாக, கெட்டியாக, கனமாக இருந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்தது.

நோலீன் அந்தப் பயணத்தில் ரொம்பச் சாந்தமாக இருந்தாள். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

நெல்சன் அருவியில் வேனை நிறுத்தினோம். காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடை. பாறை முழுக்க வெள்ளை நூல் நூலாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. நோலீன் மரப்பலகை மேடையில் போய் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். பச்சைக் கம்பளித் தொப்பி. மூக்கு நுனி குளிரில் சிவந்திருந்தது.

"இங்க ஒண்ணு எடு, மெர்வ். நானும் இருக்குற மாதிரி."

கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன். அருவியின் தலை உள்ளே வந்தால் கால் வெளியே போனது. கால் வந்தால் தலை போனது. நடுவாந்தரத்தின் புத்தி அதுதான். துணிப்பையில் தூங்கும் சாக்ஸை நினைத்துக்கொண்டேன். அதை இப்போது எடுத்தால் குட்டு வெளிப்படும்.

"வெளிச்சம் சரியில்ல" என்றேன்.

"எனக்கு நல்லாத்தான் தெரியுது."

"கண்ணுக்குத் தெரியுற வெளிச்சம் வேற. படத்துக்கு வேண்டிய வெளிச்சம் வேற."

"சரி" என்று சொல்லிவிட்டு, கோட்டுப் பாக்கெட்டில் கையை விட்டுக்கொண்டு நடந்துவிட்டாள்.

குவீன்ஸ்டவுனில் மொட்டை மலைகள் சாயங்கால வெயிலில் சிவந்து கிடந்தன. மேகம் போதாது என்றேன். ஸ்ட்ராஹனில் கடல் ஓரமாக மணலில் நடந்தோம். எதிரே நிலம் என்று ஒன்றும் கிடையாது, தண்ணீர்தான். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. நோலீன் செருப்பைக் கழற்றிவிட்டு அலையில் காலை நனைத்து, குளிர் தாங்காமல் தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றாள். கல்யாணத்துக்கு முன்னால் அவளைப் பார்த்தபோது அப்படித்தான் எதற்கோ தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இப்பவாவது வெளிச்சம் சரியா இருக்கா?" என்று கரையைப் பார்த்துக் கேட்டாள்.

"உப்புக் காத்து. லென்ஸுக்கு ஆகாது."

அருவிக்குப் பிறகு மூடியைக் கழற்றவே இல்லை. எல்லாவற்றையும் ஏரிக்கரைக்கென்று சேர்த்து வைத்தேன். டோவ் ஏரி, விடியற்காலை, எதிரே கிரேடில் மலை, இரண்டு காதும் சேர்த்து. அந்த ஒரு படம் போதும், இந்தத் துக்கடாப் படமெல்லாம் எதற்கு என்று நினைத்தேன். பாக்கெட்டில் கைவிட்டபடியே நோலீன் எனக்குப் பின்னால் நடந்து வந்தாள். சிப்பிக்கறி அடைத்த ஸ்காலப் பை ஒன்று வாங்கினாள். பாதியை எனக்குத் தந்தாள். படம் காட்டுகிறேன், படம் காட்டுகிறேன் என்று சொல்லி ஒரு படமும் எடுக்காத மனிதனிடம் இவ்வளவு பொறுமையா என்று நெகிழ்ந்துவிட்டேன்.

கிரேடில் மலை முகாமில் முதல் நாள் முழுக்க மழை. மறுநாள் விடிவதற்கு முன்னால் எழுந்து வெளியே பார்த்தேன். வானம் சுத்தமாகத் துடைத்து வைத்தது போல இருந்தது. நோலீன் படுக்கையில் போர்வைக்குள் சுருண்டிருந்தாள். எழுப்பவில்லை. அவளோடு சேர்த்தே வேனை மெதுவாக ஓட்டிக்கொண்டு போய் ஏரிக்கரையில் நிறுத்தினேன். கேமராவிலிருந்து நடுவாந்தரத்தைக் கழற்றி இருக்கையில் வைத்தேன். இன்றைக்கு உனக்கு ஓய்வு. வாய் மூடிய வெறும் கேமராவையும் அதை நிறுத்தும் முக்காலியையும் சாக்ஸையும் எடுத்துக்கொண்டு கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன்.

புல்லில் உறைபனி. நடக்க நடக்கக் காலடியில் நொறுங்கியது. ஏரிக்குள் துருத்திக்கொண்டு ஒரு பெரிய பாறை இருக்கிறது. அதன்மேல் ஏறி முக்காலியை ஊன்றினேன். தண்ணீர் அசையவில்லை. மலை அப்படியே தலைகீழாக ஏரிக்குள் இருந்தது. கரையெல்லாம் ஃபேகஸ் மரத்து இலைகள் பழுத்து மஞ்சளும் ஆரஞ்சுமாக எரிந்தன. அடியில் மெல்லிசாகப் பனி. மேலே சிகரத்தில் முதல் வெளிச்சம் பட்டு, ஈறு நிறத்தில் ஒரு சிவப்பு இறங்கத் தொடங்கியது. தொழில் புத்தி, மன்னிக்கணும். ஆனால் அதைவிட நல்ல சிவப்பை நான் பார்த்ததில்லை.

பைபஸ் சொன்னது பொய்யில்லை. மலைக்குக் காது இருந்தது.

முடிச்சை அவிழ்த்தேன். சாக்ஸுக்குள் கையை விட்டேன். சில்லென்று கண்ணாடி. இழுத்தேன்.

பச்சைத் தக்காளி ஊறுகாய்.

வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தேன். நோலீன் போட்டது. அவள் கையெழுத்திலேயே மேலே ஒட்டியிருந்தது. மூடியில் கட்டம் போட்ட துணி கட்டி, அழகாக ஒரு ரப்பர் பேண்டும் போட்டிருந்தாள்.

சாக்ஸை உதறினேன். உள்புறத்தை வெளியே திருப்பினேன். ஒன்றுமில்லை. கிரேடில் பக்கத்தில் காரவாங் என்று ஒரு கறுப்புப் பறவை உண்டு. பையின் ஜிப்பை மூக்கால் திறந்து பிஸ்கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும். முதலில் அதன்மேல்தான் சந்தேகம் வந்தது. ஆனால் ஜிப்பைத் திறந்து, முடிச்சை அவிழ்த்து, லென்ஸை எடுத்துக்கொண்டு, அதே கனத்துக்கு ஊறுகாய் வைத்து, மறுபடி முடிச்சுப் போடுகிற அளவுக்கு அதற்குப் படிப்பு போதாது.

பின்னால் உறைபனி நொறுங்கும் சத்தம். திரும்பினேன். பச்சைத் தொப்பியும் என்னுடைய பழைய கோட்டுமாக நோலீன் வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் பிளாஸ்க். இன்னொரு கையில் சீஸும் பிஸ்கட்டும்.

"ஊறுகாய எடுத்துட்டு வந்தியா? நல்லதாப் போச்சு" என்றாள். "வேன்ல தேடிக்கிட்டு இருந்தேன்."

பாறையில் உட்கார்ந்து கையை நீட்டினாள். கொடுத்தேன். வேறு என்ன செய்வது?

"எங்க உன் லென்ஸ்?"

"வேன்ல."

"கேமராவ மட்டும் எதுக்குத் தூக்கிட்டு வந்த? காத்து வாங்கவா?"

எனக்குத் தொண்டை வரைக்கும் ஒரு கேள்வி வந்து நின்றது. என் அகல லென்ஸ் எங்கே? கேட்க முடியாது. எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு லென்ஸே கிடையாது. இல்லாத பொருளை எப்படித் தொலைப்பது? தொலையாத பொருளை எப்படித் தேடுவது? அவளும் ஒன்றும் தெரியாதவள் போல ஊறுகாயைச் சீஸ்மேல் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஓடிப் போய் எடுத்துட்டு வரேன்" என்றேன்.

"போ. நீ வர்றதுக்குள்ள அந்தச் சிவப்பு போயிடும்."

மலையைப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. கண்ணெதிரே அது ரோஜாவாகி, பொன்னாகிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தேன். ஒரு பிஸ்கட்டை என் வாயில் திணித்தாள். தோளோடு தோள் ஒட்டியபடி உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் நான் அதை ரசித்திருக்க வேண்டும். ஒவ்வொரு நிறமும் வரும்போதும், இதை எடுத்திருந்தால், இதை எடுத்திருந்தால் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஊறுகாய் தின்றேன்.

இன்றைக்கு நினைத்தால் அந்தச் சிவப்பு சரியாக ஞாபகம் வரவில்லை. ஊறுகாயின் புளிப்புதான் நாக்கில் வருகிறது.

வீடு திரும்பிய அன்று சாயங்காலமே பைபஸ் வேலி வழியாக வந்துவிட்டான், ஒரு தட்டு லாமிங்டன் கேக்கோடு.

"எங்க படம்? காட்டு" என்றான்.

"வெளிச்சம்..." என்று ஆரம்பித்தேன்.

"இருங்க கிரேம், காட்டுறேன்" என்றாள் நோலீன்.

கோட்டுப் பாக்கெட்டிலிருந்து உள்ளங்கைக்குள் அடங்குகிற குட்டிக் கேமரா ஒன்றை எடுத்தாள். அப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. ஒயரை எடுத்து டிவியில் செருகினாள்.

நெல்சன் அருவி வந்தது, தலையிலிருந்து கால் வரை. பின்னால், மரங்களுக்கு நடுவே ஓரமாக, மேகத்தை முறைத்தபடி நான். குவீன்ஸ்டவுன் மலைகள் சிவந்து வந்தன. அங்கேயும் நான், முக்காலியை மடக்கத் தெரியாமல். ஸ்ட்ராஹன் கடற்கரையில் நீண்ட நிழலோடு நான் கேமராவைக் கோட்டுக்குள் பொத்திக்கொண்டு நிற்கிறேன், பச்சைக் குழந்தையைப் போல. பிறகு டோவ் ஏரி. தலைகீழ் மலை, எரிகிற இலைகள், ஈறுச் சிவப்பு, ஒன்று விடாமல் இருந்தது. நடுவில் ஒரு மனிதன் ஊறுகாய் ஜாடியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து உள்ளே பார்க்கிறான்.

பைபஸ் லாமிங்டனை மெல்லாமல் வாயில் வைத்திருந்தான்.

"நோலீன்," என்றான், "இது மாதிரி ஒரு படம் என் ஆயுசுல நான் எடுத்ததில்ல. எந்த லென்ஸ்?"

"கேமராவோடயே ஒட்டிக்கிட்டு வந்தது. கழட்ட முடியாது."

"அப்ப மெர்வ் வாங்கின அந்த அகல லென்ஸ்?"

நான் லாமிங்டனில் ஒட்டியிருந்த தேங்காய்த் துருவலை உற்றுப் பார்த்தேன். என் திட்டம் முழுசாகப் பல்லை இளித்துக்கொண்டு நின்றது. இத்தனை பல் கட்டியவனுக்கு அதை மட்டும் மூட வழி தெரியவில்லை.

"அதைத்தான் குடுத்துட்டு இத வாங்கினேன்" என்றாள் நோலீன். "லென்ஸோட முன்மூடியை மெர்வ் கடையிலயே விட்டுட்டு வந்துட்டதா ரொவீனா போன் பண்ணாங்க. எடுக்கப் போனேன். போறதே போறோம், பட்டறையில பல்லுங்களுக்கு நடுவுல கெடந்த லென்ஸையும் கையோட எடுத்துட்டுப் போயிடலாமேன்னு தோணுச்சு."

பைபஸ் எழுந்தான். எதையும் சுற்றிப் போகாதவன் அன்றைக்கு எங்கள் வாசல் வழியாக, தெருவைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

அவள் மேல் கோபம் வரவேண்டும். வரவில்லை. படங்களை மறுபடி ஒவ்வொன்றாக ஓட்டினேன். எல்லாவற்றிலும் நான் இருந்தேன். மலை இருந்தது, கடல் இருந்தது. அவள் ஒன்றில்கூட இல்லை. எப்படி இருப்பாள்? எடுத்தவள் அவள். என்னை இரண்டு இடத்தில் கேட்டாள். இரண்டு இடத்திலும் வெளிச்சத்தையும் காற்றையும் சொன்னேன். இத்தனை வருஷம் காத்திருந்து போன பயணத்தில், அலையில் நின்று சிரித்த அந்தப் பெண்ணின் முகம் எங்கள் வீட்டில் எதிலும் இல்லை.

"ஏன் நோலீன் ஒண்ணும் சொல்லல?" என்றேன். "வாங்கினது தெரிஞ்சப்பவே திட்டியிருக்கலாம்ல?"

"திட்டினா நீ முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு வருவ. பயணம் கெட்டுடும்." டிவியை அணைத்தாள். "அந்த ஒரு லென்ஸோட வந்தா என்னையாவது எடுப்பன்னு நெனச்சேன்."

எழுந்து போய் என் கேமராவை எடுத்து வந்தேன். நடுவாந்தரத்தை மாட்டினேன். மூடியைக் கழற்றினேன். சமையலறையில் அவள் லாமிங்டன் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். தலைக்குமேல் மங்கலாக ஒரு டியூப்லைட். கை முழுக்கச் சோப்பு நுரை.

"அப்படியே திரும்பு" என்றேன்.

"இங்கயா? வெளிச்சம்?"

"நல்லாத்தான் இருக்கு."

அவள் கையைத் துடைக்கவில்லை. மெதுவாகத் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், ஸ்ட்ராஹனில் சிரித்தது போலவே, எதற்கென்று தெரியாமல். லென்ஸ் அவளை முழுசாக உள்ளே வாங்கிக்கொண்டது. தலையும் வெளியே போகவில்லை, காலும் போகவில்லை. அழுத்தினேன். வாழ்க்கையில் நான் எடுத்த முதல் நல்ல படம் அதுதான். பார்க்காமலே தெரிந்தது.

பார்த்தேன். திரையில் ஒன்றுமில்லை. 'கார்டு இல்லை' என்று எழுதியிருந்தது. சத்தமாகப் படித்தேன்.

"ஓ, அந்த மெமரி கார்டா?" என்றாள் நோலீன், தட்டைத் துடைத்து அடுக்கியபடி. "என்னோடது ரெண்டாம் நாளே நிறைஞ்சு போச்சு. உன்னோடது சும்மாத்தானே கெடந்துச்சு, எடுத்து எனக்குப் போட்டுக்கிட்டேன்."

"இரு, இப்பவே எடுத்து மாட்டுறேன். அதே மாதிரி ஒரு தடவை சிரி."

"அது ஒரு தடவைதான் வரும், மெர்வ். போய் டீ போடு."

போட்டேன்.